உப்பளச் சிவப்பை வளர்ப்பது எப்படி: சென்னையில் ஆர்க்கியா வேலை தொடங்குபவர்களுக்கு

உப்புக் கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்பாக ஒரு படலம் படரும். உப்பிட்டு அடுக்கிவைத்த பச்சைத்தோலிலும் அதே சிவப்பு வரும். தோல் தொழிலில் இதற்கு 'ரெட் ஹீட்' என்றே பெயர், பல்லாவரம் முதல் ஆம்பூர் வரை தெரிந்த தொல்லை. உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் முற்றி உப்பு பூக்கும் நேரத்தில் தண்ணீரே ரோஜா நிறமாவதும் உண்டு. மூன்றிலும் முக்கியப் பங்கு ஒரே கூட்டத்துக்குத்தான்: பாக்டீரியாபோல் தெரிந்தாலும் தனிக் கிளையான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களில் உப்பில் வாழும் வகை, அதாவது ஹாலோஆர்க்கியா.

ஆர்க்கியா என்றதும் வெந்நீர் ஊற்றும் ஆழ்கடலும் நினைவுக்கு வந்து, 'அது நம் கல்லூரி ஆய்வகத்துக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஹாலோஆர்க்கியா விஷயத்தில் அது சரியில்லை. ஒரு ஆட்டோகிளேவ், ஒரு ஷேக்கர், ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் போதும். மாதிரி எடுக்கும் இடமும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. இடறுவது வேறிடத்தில்: ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவோடு வேலை செய்து கை பழகிவிடுகிறது. பாக்டீரியாவுக்குச் சரியான அந்தப் பழக்கங்கள் ஒவ்வொன்றும் இங்கே கல்ச்சரைக் கொல்லும். எங்கே, ஏன் என்பதைச் சொல்வதே இந்தக் கையேட்டின் வேலை.

முதலில் செல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பாக்டீரியா அல்ல, தனிக் கிளை என்று காட்டினார்கள். உப்பு விரும்பிகளும் அந்தக் கிளையில்தான் சேர்ந்தன. ஆய்வக மேசையில் உங்களுக்குத் தேவையான வேறுபாடுகள் மூன்று.

சவ்வு: பாக்டீரியாவில் கொழுப்பு அமிலம் எஸ்டர் பிணைப்பால் கிளிசராலோடு சேர்ந்திருக்கும். ஆர்க்கியாவில் ஐசோபிரீன் சங்கிலி ஈதர் பிணைப்பால் சேர்ந்திருக்கும். ஈதர் பிணைப்பு அமிலத்துக்கும் காரத்துக்கும் எளிதில் உடையாது.

சுவர்: பாக்டீரியாச் சுவரின் பொருளான பெப்டிடோகிளைக்கான் கிடையாது. ஹாலோஃபெராக்ஸ், ஹாலோபாக்டீரியம் (பெயர் அப்படி இருந்தாலும் இதுவும் ஆர்க்கியாதான்) போன்ற இனங்களில் சவ்வுக்கு வெளியே இருப்பது கிளைக்கோபுரத ஓடு ஒன்றுதான். ஆகவே பாக்டீரியாச் சுவரைத் தாக்கும் ஆம்பிசிலினும் லைசோசைமும் இவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த ஓடு நிலைத்து நிற்க வெளியே நிறைய சோடியமும், ஹாலோஃபெராக்ஸில் மெக்னீசியமும் வேண்டும். உப்பு குறைந்தால் ஓடு கலைந்து செல் வெடித்துவிடும்.

உள்ளே: வெளியே இருக்கும் உப்பை ஈடுகட்ட இவை செல்லுக்குள் பொட்டாசியம் குளோரைடைச் செறிவாகச் சேர்த்துவைக்கின்றன. புரதங்களின் மேற்பரப்பு முழுக்க எதிர்மின் அமினோ அமிலங்கள். அந்த உப்பில்தான் அவை மடிந்து வேலை செய்யும். நல்ல தண்ணீரில் குலைந்துவிடும்.

சுருக்கமாக, தண்ணீர் பட்டால் செத்துவிடும். பயன் என்று வரும்போது இதே பலவீனம்தான் பெரிய வசதியாகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மாதிரி எடுப்பது

கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்கள் அருகில். மரக்காணம் சென்னையிலிருந்து சுமார் 120 கி.மீ.; போய் வர ஒரு நாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீர்த்துவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம். குத்தகைதாரரிடம் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள்; வாரப்போகும் பாத்தியை மிதித்துக் கலக்கினால் அவர்களுக்கு நட்டம்.

எந்தப் பாத்தி என்பதை அங்கே உப்பு வாருபவர்களே சொல்வார்கள். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் 'எத்தனை டிகிரி' என்று கேளுங்கள். சாப்பாட்டு உப்பு படியத் தொடங்குவது ஏறக்குறைய 25 டிகிரியில். அந்தப் பாத்தியில், உப்புப் படிகம் மிதக்கும் மேல்தண்ணீர் 50 மி.லி., அடியில் படிந்த உப்பு ஒரு கைப்பிடி, இரண்டையும் தனித்தனியாக மூடி இறுகிய கலனில் எடுங்கள். 12, 15 டிகிரிப் பாத்தியிலும் சிவப்பு தெரியலாம். அது பெரும்பாலும் டுனாலியெல்லா என்ற பாசியின் பீட்டா கரோட்டீன். நமக்கு வேண்டியது அதுவல்ல.

மாதிரியை ஐஸ் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. நிழலில், அறை வெப்பத்தில் கொண்டுவந்தால் போதும். கலனைத் தண்ணீரில் அலசி நிரப்புவது பெரிய தவறு. எடுக்கும் பாத்தித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

உப்பளத்துக்குப் போக முடியாதவர்கள் அயோடின் சேர்க்காத, சுத்திகரிக்காத கல் உப்பு வாங்கிப் பார்க்கலாம். படிகத்துக்குள் அடைபட்ட உப்புநீர்த் துளிகளில் ஹாலோஆர்க்கியா நீண்ட காலம் உயிரோடு இருக்கும். சிவப்பு படர்ந்த கருவாட்டைச் சுரண்டி எடுத்தாலும் கிடைக்கும்.

மீடியம்: பிழை நடப்பது பெரும்பாலும் இங்கேதான்

30 சதவீத உப்புநீர் ஸ்டாக் ஒன்றைச் செய்துவைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் அதிலிருந்து வரும். ஒரு லிட்டருக்கு:

சோடியம் குளோரைடு 240 கிராம்
மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 30 கிராம்
மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 35 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 7 கிராம்
1 மோலார் கால்சியம் குளோரைடு 5 மி.லி.

750 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் முதல் நான்கையும் ஒவ்வொன்றாகக் கலக்குங்கள். இலேசாகச் சூடேற்றினால் சீக்கிரம் கரையும். டிரிஸ் கரைசல் சில மி.லி. விட்டுப் பிஎச் 7.5க்குக் கொண்டுவந்த பிறகு, கால்சியத்தைக் கடைசியில், கலக்கிக்கொண்டே, மெதுவாக விடுங்கள். முதலில் விட்டால் வெள்ளையாகப் படியும். பிறகு ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். நீரை முதலிலேயே ஒரு லிட்டர் எடுத்து அதில் உப்பைக் கொட்டினால் கரைசல் 1.1 லிட்டரைத் தாண்டிவிடும். செறிவு குறைந்து, கல்ச்சர் ஏன் மந்தமாக வளர்கிறது என்று வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

சென்னைக்கென்று ஒரு எச்சரிக்கை. மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நவம்பரில் திறந்த பாட்டில் டிசம்பரில் கூழாகியிருக்கும். அதை எடைபோட்டால் பாதி தண்ணீரைத்தான் எடைபோடுகிறீர்கள். பாட்டிலைத் திறந்த அன்றே முழுவதையும் 1 மோலார் கரைசலாக்கி வைத்துவிடுவது நல்லது. 30 கிராமுக்குப் பதில் அந்தக் கரைசலில் 148 மி.லி. எடுத்து, அதற்கேற்ப நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி 23 சதவீத வளர்ப்பு மீடியம், ஒரு லிட்டருக்கு: ஸ்டாக் 767 மி.லி., நீர் 200 மி.லி., பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம். பிஎச் 7.5, ஒரு லிட்டருக்கு நிரப்பி 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். ஹாலோஃபெராக்ஸ் வகைகளுக்கு 18 சதவீதம் இன்னும் பொருத்தம்: ஸ்டாக் 600 மி.லி., நீர் 367 மி.லி., மற்றவை அப்படியே.

பெப்டோனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சில பெப்டோன்களில் பித்த அமிலங்கள் கலந்திருக்கும். டாரோகோலிக், கிளைக்கோகோலிக் என்ற இந்த இரண்டும் ஹாலோஆர்க்கியாவின் சவ்வைக் கரைத்துவிடும். இதே பெப்டோனில் ஈ.கோலை செழிக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. புதிய டப்பா வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: 25 சதவீத உப்புநீரில் 1 சதவீதம் அந்தப் பெப்டோனைக் கரைத்து, நன்கு வளர்ந்த சிவப்புக் கல்ச்சரைக் கொஞ்சம் விடுங்கள். கலங்கல் தெளிந்து, திரவம் முட்டை வெள்ளைக்கருபோல் இழுத்தால் அந்தப் பெப்டோன் ஆகாது. முதல் முறை, சோதிக்கக் கல்ச்சரே கையில் இல்லாதபோது, பெப்டோனை விட்டுவிட்டு ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராமும் காசமினோ அமிலம் 1 கிராமும் போட்டுத் தொடங்குங்கள்.

பிஎச் மீட்டர் இவ்வளவு உப்பில் நேரான அளவைக் காட்டாது, நகர்ந்துகொண்டே இருக்கும். 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இருந்தால் விட்டுவிடலாம். எலெக்ட்ரோடை உடனே கழுவுங்கள். உப்பு காய்ந்தால் நுனி அடைத்துக்கொள்ளும். ஆட்டோகிளேவிலும் ஷேக்கரிலும் சிந்திய உப்புநீரை அன்றன்றே துடைக்காவிட்டால் துரு பிடித்துவிடும். கடல்காற்று வேறு இருக்கிறது.

பிளேட் ஊற்றுவதும் காத்திருப்பதும்

மீடியம் ஒரு லிட்டருக்கு அகார் 15 கிராம். உப்புநீரில் அகார் எளிதில் உருகாது. ஆட்டோகிளேவுக்கு முன்பே கொதிக்கவைத்துக் கரைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடியில் கட்டியாக நிற்கும், மேலே ஊற்றிய பிளேட் இறுகாது. பாக்டீரியாவை விலக்க, 60 டிகிரிக்கு ஆறிய பிறகு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் சேருங்கள். அந்த மருந்து 40 டிகிரியில் நாட்பட நாட்படச் சிதைந்துவிடும் என்பதால், இரண்டு வாரத்துக்குப் பிறகு முளைக்கும் காலனிகளை உறுதி செய்யாமல் ஆர்க்கியா என்று நம்பிவிடாதீர்கள்.

மாதிரியைப் பத்து மடங்காக நீர்க்கச் செய்வதற்கு 0.85 சதவீத சலைன் எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அந்த நொடியே செல்கள் வெடித்துவிடும். பிளேட் காலியாக இருக்கும். எல்லா நீர்த்தலும் 23 சதவீத உப்புநீரிலேயே. அதற்கென்று ஸ்டாக்கிலிருந்து ஒரு லிட்டர் தனியாகச் செய்து, 'கழுவும் உப்புநீர்' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என மூன்று நிலைகளிலிருந்து 100 மைக்ரோலிட்டர் பரப்பினால் போதும். திட உப்பு மாதிரியானால் 1 கிராமை 10 மி.லி. கழுவும் உப்புநீரில் கரைத்துத் தொடங்குங்கள்.

பிளேட்டுகளை ஜிப் பையில் அடைத்து, அதற்குள் ஈரத்துணி ஒன்றும் வைத்து, 37 முதல் 42 டிகிரியில் விடுங்கள். திறந்து வைத்தால் நான்கு நாளில் மீடியத்தின் மேல் உப்புப் படிகம் முளைக்கும்; சதுரமாக, பளபளவென்று இருக்கும். புதியவர்கள் அதைக் காலனி என்று எடுத்துக் கீறுவார்கள். ஹாலோஃபெராக்ஸ் வகைகள் ஐந்தாறு நாளில் தெரியும். மற்றவை பத்து, பதினைந்து நாள். ஒரு வாரத்தில் பிளேட்டைக் குப்பையில் போட்டவர்கள்தான் 'இங்கே ஆர்க்கியாவே இல்லை' என்று எழுதுகிறார்கள். பையில் வைத்த பிளேட்டை ஆறு வாரம் வரை விட்டுவையுங்கள்.

நிறம் வெளிர் ரோஜாவிலிருந்து செங்கல் சிவப்பு வரை போகும். ஒரே தூய கல்ச்சரில் ஒளிபுகாத ரோஜாக் காலனிகளுக்கு நடுவே ஒளிபுகும் சிவப்புக் காலனி வந்தால் கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஹாலோபாக்டீரியத்தில், செல் மிதக்க உதவும் காற்றுப்பையின் மரபணு நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு அடிக்கடி கெட்டுப்போகும். காற்றுப்பை இல்லாத செல்கள் அப்படித்தான் தெரியும். மூன்று முறை தனிக்காலனி எடுத்துக் கீறிய பிறகே 'தூயது' என்று எழுதுங்கள்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ஆர்க்கியா இல்லை

2002இல் விவரிக்கப்பட்ட சாலினிபாக்டர் ரூபர், ஹாலோஆர்க்கியா வாழும் அதே பாத்தியில் வாழ்கிறது, அதே மீடியத்தில் வளர்கிறது, அதே சிவப்பு. ஆனால் அது பாக்டீரியா. ஆம்பிசிலினுக்கு அது பணியும் என்பதால்தான் மேலே அந்த மருந்து. இருந்தாலும் உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

கிராம் சாயம் வழக்கப்படி போட்டால் கண்ணாடியில் ஒன்றும் மிஞ்சாது. செல்களை உப்புநீரில் பரப்பிக் காற்றில் உலர்த்தி, 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் வைத்தெடுங்கள். அமிலம் செல்லை நிலைநிறுத்தவும் செய்யும், உப்பை வெளியேற்றவும் செய்யும். ஒற்றி உலர்த்திய பிறகு வழக்கமான சாயம். உயிரோடு பார்ப்பதானால் உப்புநீர்த் துளியிலேயே ஃபேஸ் கான்ட்ராஸ்டில் பாருங்கள்: தட்டை வட்டு, கோல், முக்கோணம் என்று உருவம் மாறிமாறி இருக்கும்.

பித்த உப்புச் சோதனை மலிவு: உப்புநீரில் கலக்கிய செல்களில் சோடியம் டாரோகோலேட் சிறிது விடுங்கள். ஹாலோபாக்டீரியம், ஹாலோஃபெராக்ஸ், ஹாலோஆர்க்குலா மூன்றும் கரைந்து தெளியும். தடித்த சுவருள்ள ஹாலோகாக்கஸ் கரையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசிச் சொல் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான 16எஸ் மரபணுவுக்குத்தான். டி.என்.ஏ. எடுக்க கிட் வேண்டியதில்லை. காலனியை ஊசிமுனை அளவு எடுத்து 100 மைக்ரோலிட்டர் மலட்டு நீரில் கலக்கினால் செல்கள் தாமே வெடிக்கும். 95 டிகிரியில் பத்து நிமிடம், பிறகு ஒரு சுழற்சி, மேல்நீரில் 1 மைக்ரோலிட்டர் 25 மைக்ரோலிட்டர் பி.சி.ஆருக்கு. ஆர்க்கியாவுக்கான 21எஃப், 958ஆர் பிரைமர்கள் ஏறக்குறைய 940 இணைகள் நீளத் துண்டு தரும். பட்டை வரவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்று. காலனியோடு வந்த உப்பு நொதியை முடக்கியிருக்கும். பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி போடுங்கள். அல்லது இவற்றின் டி.என்.ஏ.வில் ஜி, சி மிகுதி, பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேல், இழைகள் பிரியவில்லை. 5 சதவீத டி.எம்.எஸ்.ஓ. சேருங்கள்.

வரிசை வாசிப்பில் சில இடங்களில் இரட்டை முகடு தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். ஹாலோஆர்க்குலா இனத்தில் ஒரே செல்லுக்குள் ஒன்றுக்கொன்று 5 சதவீதம் வரை மாறுபடும் 16எஸ் மரபணுக்கள் உண்டு. துண்டைக் குளோன் செய்து வாசித்தால் இரண்டும் தனித்தனியாக வரும்.

திரவக் கல்ச்சரும் அறுவடையும்

250 மி.லி. ஃபிளாஸ்கில் 50 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் பாதி நிரப்பிய ஃபிளாஸ்கில் செல்கள் மூச்சுத் திணறும். 5 சதவீத விதைக் கல்ச்சர், 40 டிகிரி, நிமிடத்துக்கு 180 சுற்று. ஹாலோஃபெராக்ஸ் மூன்று முதல் ஐந்து நாளில் முற்றும். ஹாலோபாக்டீரியத்துக்கு ஒரு வாரம். மின்வெட்டில் ஷேக்கர் ஓரிரண்டு மணி நேரம் நின்றால் கல்ச்சர் செத்துவிடாது. சொல்லப்போனால், ஆக்சிஜன் குறைந்து ஒளியும் கிடைத்தால்தான் ஹாலோபாக்டீரியம் பாக்டீரியோரோடாப்சின் என்ற ஊதாப் புரதத்தை உண்டாக்கும். ஊதாச் சவ்வு வேண்டுபவர்கள் வேண்டுமென்றே சுற்றைக் குறைத்து விளக்கு போடுவார்கள்.

ஒரு வாரம் 40 டிகிரியில் சுழலும் ஃபிளாஸ்கில் நீர் ஆவியாகிச் செறிவு ஏறும். முதல் நாளே திரவ மட்டத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். குறைந்ததை நிரப்ப இங்கே உப்புநீர் ஊற்றக் கூடாது. போனது தண்ணீர் மட்டும்தான். ஆகவே மலட்டு நீரைத் துளித்துளியாக, குலுக்கிக்கொண்டே விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அது விழுந்த இடத்தில் செல்கள் வெடித்து நூல்நூலாக டி.என்.ஏ. மிதக்கும்.

சென்ட்ரிஃபியூஜில் இரண்டு பிழைகள். ஒன்று, எதிர்க்குழாயில் சமன் செய்ய அதே அளவு தண்ணீர் ஊற்றுவது. 23 சதவீத உப்புநீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.15, 50 மி.லி. குழாயில் 7 கிராமுக்கு மேல் வித்தியாசம் வரும், ரோட்டார் ஆடும். சமன் எப்போதும் உப்புநீரால், தராசில் வைத்து. மற்றது, வேகம் போதாமை. திரவம் கனமானதால் செல் மெதுவாகவே இறங்கும்: 6,000 ஜி, 20 நிமிடம். அப்படியும் மேலே ரோஜா நுரையாக மிதந்தால் அவை காற்றுப்பையுள்ள செல்கள். காற்றுப்பை இல்லாத சிவப்புக் காலனியிலிருந்து வளர்த்தால் சிக்கல் தீரும்.

பெல்லட்டைக் கழுவுவது உப்புநீரால் மட்டுமே. ஓ.டி. (கல்ச்சரின் கலங்கல் அளவு) பார்க்கும்போது ஒப்பிட வைக்கும் பிளாங்கும் அதே மீடியம்.

முதல் பயன்: சிவப்பு நிறமி

தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம், ஏனென்றால் கண்ணால் பார்க்கலாம், ஒரே நாளில் முடியும், எண்ணும் கிடைக்கும். நிறமியின் பெயர் பாக்டீரியோரூபெரின், 50 கார்பன் கரோட்டினாய்டு. கேரட் நிறமியான பீட்டா கரோட்டீனில் இருப்பது 40 கார்பன். இரட்டைப் பிணைப்புகள் அதிகம் என்பதால் ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் திறன் மிகுதி. அழகுசாதனத் துறை இதைக் கவனிப்பது அதனால்தான்.

50 மி.லி. கல்ச்சரின் பெல்லட்டை ஒருமுறை கழுவி, உப்புநீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடியுங்கள். மெத்தனாலும் அசிட்டோனும் சம அளவு கலந்த கரைப்பான் 5 மி.லி. விட்டுக் கலக்கி, அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் அரை மணி வைத்துச் சுழற்றுங்கள். பெல்லட் வெள்ளையாகும்வரை திருப்பிச் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு மிஞ்சியிருந்தால் அது கரைப்பானில் வெள்ளைத் தூளாகப் பிரிந்து, அளவீட்டில் பொய்யான கலங்கல் காட்டும். மறுபடி ஒரு சுழற்சி விட்டால் சரியாகிவிடும்.

350 முதல் 600 நானோமீட்டர் வரை ஸ்கேன் எடுங்கள். ஏறக்குறைய 470, 495, 530இல் மூன்று விரல் நிமிர்ந்ததுபோல் முகடுகள் இருக்க வேண்டும். 370, 388 அருகே சின்ன இரட்டை முகடும் தெரியும். முகடுகள் 450, 478 பக்கம் ஒதுங்கினால் உங்களிடம் பாசியின் பீட்டா கரோட்டீன் கலந்திருக்கிறது.

490 நானோமீட்டரில் 1 சதவீதக் கரைசலுக்கான உறிஞ்சல் 2660 என்று கொள்வது வழக்கம். ஆகவே நிறமியின் எடை மில்லிகிராமில்: உறிஞ்சல் × மொத்தக் கரைப்பான் மி.லி. × 10 ÷ 2660. உறிஞ்சல் 0.8, கரைப்பான் 5 மி.லி. என்றால் 0.015 மி.கிராம், அதாவது 15 மைக்ரோகிராம். உறிஞ்சல் 1ஐத் தாண்டினால் நீர்க்கச் செய்து அளந்து பெருக்குங்கள். வெளிச்சத்தில் வைத்த சாறு வெளுத்துவிடும்; அன்றே அளந்துவிடுங்கள்.

இரண்டாவது: மக்கும் பிளாஸ்டிக்

ஹாலோஃபெராக்ஸ் மெடிடெரானி மாவுப்பொருளைத் தின்று பி.எச்.பி.வி. என்ற பாலியெஸ்டரைச் செல்லுக்குள் மணிமணியாகச் சேர்க்கும். பல பாக்டீரியாவுக்கு இந்தக் கலப்புப் பிளாஸ்டிக் வேண்டுமானால் புரோப்பியோனேட்போல் விலையுள்ள முன்பொருள் ஊட்ட வேண்டும், இதற்கு வேண்டாம். உங்கள் பாத்திக் கல்ச்சரிலும் இத்திறன் இருக்கலாம். மீடியத்தில் பெப்டோனை நீக்கி, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை 1 கிராமோடு நிறுத்தி, லிட்டருக்கு 10 கிராம் ஸ்டார்ச் சேருங்கள். மரவள்ளி மாவும் போதும். கார்பன் மிஞ்சி நைட்ரஜனோ பாஸ்பேட்டோ குறைய வேண்டும், அப்போதுதான் சேமிக்கும்.

முன்பு சொன்ன பலவீனம் வசதியாகும் இடம் இது. பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்டிக் எடுக்க செல்லை உடைக்கவே செலவு. இங்கே பெல்லட்டில் 0.1 சதவீத எஸ்.டி.எஸ். (சோப்புபோன்ற பொருள்) கலந்த தண்ணீரை ஊற்றினால் செல் தானே உடைந்து, மணிகள் கனத்தால் கீழே இறங்கும். இரண்டு மூன்று முறை நீரில் கழுவினால் வெளிர் தூள் கிடைக்கும். மிஞ்சிய சிவப்பை அசிட்டோனால் நீக்கலாம். அசிட்டோன் விட்ட பொருளை முழுக்க உலர்த்தாமல் பிளீச்சிங் கரைசலைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சூடாகிக் குளோரோஃபார்ம் உண்டாகும்.

பிளாஸ்டிக் மணிகளை ஒளிரவைக்கும் நைல் ரெட் சாயத்தால் முதற்கட்டத் தேர்வு செய்பவர்கள் கவனிக்க: செல்லின் சொந்தச் சிவப்பும் சவ்வுக் கொழுப்பும் ஒளிர்வில் குழப்பும். ஸ்டார்ச் உள்ள பிளேட்டும் இல்லாத பிளேட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் 'ஒளிர்கிறது' என்று மட்டும் எழுதினால் அது ஆதாரம் ஆகாது.

இன்னொரு வசதி: 20 சதவீதத்துக்கு மேல் உப்புள்ள தொட்டியில் வேறு நுண்ணுயிர் எளிதில் புகாது; கிருமிநீக்கச் செலவு குறையும். விலையாகக் கொடுப்பது இரும்பு. உப்புநீர் ஸ்டீலை அரிக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக் கலன்களைத் திட்டமிடுங்கள். பயன்படுத்திய உப்புநீரைத் திரும்பப் பயன்படுத்த வழி இல்லாமல் பெரிய அளவுக்குப் போகவே கூடாது. தோல் பதனிடும் ஊரில் உப்புக் கழிவுநீர் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

நொதிகள்

ஸ்டார்ச் பிளேட்டில் அயோடின் ஊற்றித் தெளிவட்டம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அயோடின் கரைசல் காலனியைக் கொன்றுவிடும் என்பதால் முதலில் நகல் பிளேட் எடுத்துவையுங்கள். நொதியைச் சோதிக்கும் எல்லா பஃபரிலும் 2 முதல் 4 மோலார் சோடியம் குளோரைடு இருக்கட்டும். வெறும் பஃபரில் டயாலிசிஸ் செய்தால் இரவுக்குள் செயல் போய்விடும். எஸ்.டி.எஸ். ஜெல்லில் கிணற்றிலேயே வெள்ளைச் சேறு நின்றால், செல்லின் பொட்டாசியம் எஸ்.டி.எஸ்.ஸோடு சேர்ந்து படிந்திருக்கிறது, டி.சி.ஏ.வால் (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) புரதத்தைப் படியவைத்துக் கழுவிய பிறகு ஏற்றுங்கள். பட்டை எதிர்பார்த்ததைவிட மேலே நின்றால் அதுவும் இயல்பு. எதிர்மின் மிகுந்த புரதம் ஜெல்லில் மெதுவாகவே ஓடும்.

வெப்பத்தை விரும்பும் ஆர்க்கியாவின் நொதி ஏற்கனவே உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கக்கூடும். பிழைதிருத்தும் பி.சி.ஆர். நொதியான பி.எஃப்.யு., இத்தாலியின் வல்கானோ தீவில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸிலிருந்து வந்தது. டாக் நொதியையும் ஆர்க்கியா கணக்கில் சேர்த்து எழுதுவது அடிக்கடி காணும் தவறு. அது வந்த தெர்மஸ் அக்வாடிகஸ் ஒரு பாக்டீரியா. சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்கு ஆக்சிஜன் துளிகூட ஆகாது. தனிக் கருவி, தனிக் கைப்பழக்கம் வேண்டும். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

வைத்துக்கொள்வது, கொட்டுவது, அனுமதி

உறைநிலைச் சேமிப்புக்கு வெறும் கிளிசராலைத் தண்ணீரில் கலந்தால் உறையும் முன்பே செல்கள் செத்துவிடும். 30 சதவீத ஸ்டாக்கில் கிளிசராலைக் கலந்து, கல்ச்சரோடு சேரும்போது 20 சதவீதம் கிளிசரால் வரும்படி, மைனஸ் 80இல் வையுங்கள். அந்த ஃபிரீசர் இல்லாத இடத்தில், கல்ச்சர் 1 மி.லி.யை மலட்டுக் கல் உப்பின் மேல் விட்டு உலரவைத்து, மூடி இறுக்கி இருட்டில் வைத்தாலும் நெடுநாள் தாங்கும். குப்பியின் மேல் உப்புச் சதவீதத்தையும் எழுதுங்கள். 18இல் வளர்ந்ததை 25இல் போட்டு எழுப்பினால் சில எழாது.

ஆர்க்கியாவால் மனிதருக்கு நோய் வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் ஆம்பிசிலின் கலந்த பிளேட்டையும், மரபணு மாற்றிய கல்ச்சரையும் ஆட்டோகிளேவ் செய்யாமல் கொட்டக் கூடாது. மெத்தனால், அசிட்டோன் கழிவு தனிப் பாட்டிலுக்கு.

உப்பளத்திலிருந்து எடுத்த உயிரும் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்குள் வரும். வகுப்புக்கும் சொந்த ஆராய்ச்சிக்கும் சிக்கல் இல்லை. வணிகம், காப்புரிமை, வெளிநாட்டுக் கூட்டாளிக்குக் கல்ச்சர் அனுப்புதல் என்று வந்தால், மாதிரி எடுத்த இடம், தேதி, பாமே டிகிரி, அனுமதி தந்தவர் பற்றிய குறிப்பு கையில் இருக்க வேண்டும். விசாரிக்க வேண்டிய தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையம் தரமணியிலேயே இருக்கிறது. கல்ச்சரை அனுப்பிய பிறகு இல்லாமல், அனுப்பும் முன்பே போய்க் கேளுங்கள்.